சிவப்பு நூல் குப்பி, நீல நூல் குப்பி

மே மாதச் சென்னையில் முழங்கால் வரை சாக்ஸ் போட்டுக்கொண்டு ஒருவர் ஓபி வரிசையில் உட்கார்ந்திருந்தால், தோல் மருத்துவருக்குப் பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். அவர் முறை வந்ததும் கதவைச் சாத்தச் சொன்னார். சாக்ஸை உருட்டிக் கழற்றினார். இரண்டு கால்களிலும் கணுக்காலுக்கு மேலே, நாவற்பழத்தை நசுக்கித் தேய்த்ததுபோல் கருநீலத் திட்டுகள். சில தட்டை, சில புடைப்பு. தோளிலும் முதுகிலும் இன்னும் சில. இடது கன்னத்தில் ஒன்று; அதன்மேல் முகப்பவுடரை அப்பியிருந்தார். எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 14.

"ஆறு மாசமா இருக்குதும்மா. அரிக்கல, வலிக்கல. கலர் மட்டும் போவ மாட்டேங்குது."

இதை எழுத அவர் சம்மதம் தந்திருக்கிறார். வயது, குடும்பம், பேட்டை பற்றிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தொழிலை மாற்றவில்லை. அவர் வடசென்னையில் ரவிக்கை தைப்பவர். அந்தத் தொழிலை மறைத்தால், அவர் திட்டுகளில் ஒரு சொட்டு மருந்து வேலை செய்கிறதா என்று நாங்கள் செய்துபார்த்த ஆய்வில் பாதியைச் சொல்ல முடியாமல் போகும்.

கண்ணாடிச் சில்லும் ஊசியும்

எனக்கு வந்த சந்தேகம் கபோசி சார்கோமா, ரத்தக்குழாய்ச் செல்களில் தோன்றும் ஒரு புற்றுநோய். நாங்கள் படித்த பாடப்புத்தகங்களில் அதன் படங்கள் எல்லாம் வெள்ளைத் தோலில் எடுத்தவை. ஒயின் சிவப்பு, கத்தரிப்பூ நிறம் என்று மனப்பாடம் செய்திருப்போம். நம் தோலில் அது கறுப்பும் பழுப்புமாகத்தான் வரும். அடிபட்ட கன்றல் என்று தோன்றும். நரம்புச் சுருட்டலால் வந்த கறை என்று தோன்றும். லைக்கன் பிளேனஸ் என்ற வேறொரு தோல் நோய் என்று சத்தியம் செய்யலாம் போலிருக்கும். வீட்டுக்குப் பக்கத்தில் காட்டிய இடத்தில் இவருக்கு ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கிருமிக்கொல்லியும் ஒன்றாகக் கலந்த டியூப் ஒன்றை எழுதித் தந்திருந்தார்கள். நான்கு மாதம் தேய்த்திருக்கிறார். சுற்றியிருந்த நல்ல தோல் மெலிந்து பளபளத்தது, திட்டு அப்படியே இருந்தது. எழுதித் தந்தவரை ரொம்பக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஓபியில் உட்காரத் தொடங்கி இத்தனை வருடத்தில் இந்த நோயை நானே ஒரு கை விரல்களுக்குள் அடங்கும்படிதான் பார்த்திருக்கிறேன்.

மைக்ராஸ்கோப்புக்கு வைக்கும் கண்ணாடிச் சில்லை எடுத்து ஒரு திட்டின்மேல் அழுத்திப் பார்த்தேன். வெறும் ரத்தக்குழாய் விரிந்ததால் வந்த நிறமென்றால் அழுத்தும்போது வெளிறும். இது வெளிறவில்லை. ரத்த அணுக்கள் குழாயைவிட்டு வெளியே கசிந்து, இரும்புச் சத்து தோலுக்குள் படிந்துவிட்டது என்று அர்த்தம். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தேன். அண்ணத்தில் ஒன்றும் இல்லை. அங்கே இருந்தால் குடலையும் நுரையீரலையும் பற்றிக் கவலைப்பட வேண்டும். காலில் வீக்கம் இல்லை, மார்பு எக்ஸ்ரே சுத்தம், மலத்தில் ரத்தம் இல்லை.

தோலை வட்டமாக வெட்டியெடுக்கும் 4 மி.மீ. பஞ்ச் வைத்து ஒரு துண்டு எடுத்து அனுப்பினோம். நோயியல் மேசையில் அது அப்பட்டமாகத் தெரிந்தது. தறி நாடாவைப் போல் இரண்டு முனையும் கூரான செல்கள் கட்டுக்கட்டாக ஓடின. நடுவே கீறல் கீறலாக ரத்த இடுக்குகள். வெளியே சிதறிய சிவப்பணுக்கள். லானா என்ற புரதத்துக்கான சாயத்தில் உட்கரு புள்ளி புள்ளியாகப் பிடித்தது. மனித ஹெர்பிஸ் வைரஸ் 8 உள்ளே இருக்கிறது என்பதற்கு அது கையெழுத்து. இந்தச் சாயத்தை நான் வற்புறுத்திக் கேட்டதற்குக் காரணம் உண்டு. பார்டொனெல்லா என்ற பாக்டீரியா எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் கிட்டத்தட்ட இதே தோற்றத்தில் கட்டிகளை உண்டாக்கும். அது டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் கரைந்து போகிற நோய். அதைப் புற்றுநோய் என்று முத்திரை குத்திவிட்டால் பாவம்.

அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை இடமான நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று முடிவு வந்தது. மனைவிக்கு நெகட்டிவ். எச்.ஐ.வி. அழிக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களின் கணக்கான சிடி4 எண்ணிக்கை 142.

இந்த ஊரும் இந்த நோயும்

மோரிட்ஸ் கபோசி வியன்னாவில் இதை விவரித்தது 1872-இல். அப்போது இது முதியவர்களின் காலில் மெதுவாகப் படரும் அரிய நோய். 1981 ஜூலையில் நியூயார்க்கிலும் கலிபோர்னியாவிலும் 26 ஆண்களுக்கு, அதுவும் இளவயதுக்காரர்களுக்கு, இது வந்திருப்பதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார இதழ் அறிவித்தது. எய்ட்ஸ் என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே உலகம் பார்த்த அதன் முகம் இந்தத் திட்டுதான். காரண வைரஸை யுவான் சாங், பேட்ரிக் மூர் தம்பதி 1994-இல் கண்டுபிடித்தார்கள்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது நம் ஊரில்தான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதிக்கப்பட்டன. மேற்கத்திய புத்தகங்களைப் படித்தவர்கள், இங்கேயும் இனி கருநீலத் திட்டுகளாக வந்து குவியும் என்று எதிர்பார்த்திருக்கலாம். வந்து குவிந்தது காசநோய். ஹெர்பிஸ் 8 நம் மக்களிடம் அவ்வளவாகப் பரவவில்லை என்பதால் கபோசி இங்கே அபூர்வமாகவே நின்றுவிட்டது. அபூர்வம் என்பது நோயாளிக்கு நல்ல செய்தி கிடையாது. பார்த்துப் பழகிய கண் இல்லை, மருந்துக் கடையில் மருந்து இல்லை, கூடவே உட்கார்ந்து பேச இதே நோய் வந்த இன்னொருவரும் இல்லை.

எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து மட்டும் இருக்கிறது. 2004 ஏப்ரலில் அரசு அதை இலவசமாகத் தரத் தொடங்கியபோது முதல் மையங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. இவருக்கும் அந்தக் கூட்டு மருந்து தரும் ஏஆர்டி மையத்தில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒற்றை மாத்திரை தொடங்கப்பட்டது. இவரைப் போல் தோலோடு நின்றுவிட்ட கபோசிக்கு முதல் சிகிச்சையே அதுதான். நோய் எதிர்ப்புச் சக்தி எழுந்து நின்றால் பல திட்டுகள் தாமாகவே அடங்கும். கீமோதெரபி, அதாவது லிப்போசோம் என்ற நுண்ணிய கொழுப்புக் குமிழியில் பொதிந்த டாக்சோரூபிசின், உள்ளுறுப்பில் பரவினாலோ கால் வீங்கினாலோ மளமளவென்று புதுக் கட்டிகள் கிளம்பினாலோ தேவைப்படும். இவருக்கு அதெல்லாம் இல்லை.

ஆறு மாதத்தில் 14 திட்டுகள் ஐந்தாகக் குறைந்தன. சிடி4 287-க்கு ஏறியது. வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் எச்.ஐ.வி.யின் அளவு, கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியது. மிச்சம் இருந்தவை இடது காலில் இரண்டு, வலது காலில் இரண்டு, கன்னத்தில் ஒன்று. எட்டாம் மாதம் மறுபடி அளந்தோம், அவை அசையவில்லை.

"பொண்ணுக்கு வரன் பாத்துனு இருக்கோம்மா" என்றார். "மேல பூசுற மருந்து எதுனா இருந்தா குடுங்களேன்."

எதைப் பூசுவது

இந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் ஒரே ஒரு நேரடிப் பதில் உண்டு. அலிட்ரெட்டினோயின் 0.1% ஜெல். வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. கபோசித் திட்டின்மேல் பூசுவதற்கென்றே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1999 பிப்ரவரியில் ஒப்புதல் அளித்த மருந்து. அந்த ஒப்புதலுக்குப் பின்னால் இருந்த எண்களை எங்கள் முதுகலை மாணவர்களுக்கு நான் அடிக்கடி எழுதிப் போடுவேன். 268 பேர் கலந்துகொண்ட சோதனை, பாதிப் பேருக்கு மருந்து ஜெல், பாதிப் பேருக்கு மருந்து சேர்க்காத அதே ஜெல், 12 வாரம். மருந்து பூசியவர்களில் 35% பேருக்குப் பலன். வெறும் ஜெல் பூசியவர்களில் 18% பேருக்குப் பலன். 134 பேர் கொண்ட இன்னொரு சோதனையில் 37%-க்கு 7%.

மாணவர்கள் எல்லோரும் 35-ஐயும் 37-ஐயும் குறித்துக்கொள்வார்கள். என் கண் எப்போதும் 18-இல் போய் நிற்கும். ஒன்றுமே இல்லாத ஜெல்லைப் பூசிய ஆறு பேரில் ஒருவருக்குத் திட்டு அடங்கியிருக்கிறது. கூட்டு மருந்து வேலை செய்திருக்கலாம். நோயே ஏறி இறங்கும் இயல்புடையது. அளந்தவர் கை கொஞ்சம் தாராளமாக இருந்திருக்கலாம். அந்த ஆறில் ஒருவர் என் ஓபிக்கு வந்திருந்தால், "நான் கொடுத்த ஜெல்லில் குணமாகிவிட்டது" என்று மாநாட்டில் படம் போட்டுப் பேசியிருப்பேன்.

அதற்கும் முந்தைய கட்டத்தில், 115 பேரிடம், ஒரே ஆளின் சில திட்டுகளுக்குப் பூசி மற்றவற்றைச் சும்மா விட்டுப் பார்த்திருக்கிறார்கள். பூசியதில் 27%, சும்மா விட்டதில் 11%. ஒரே உடம்பு, ஒரே சிடி4, ஒரே மாத்திரை. வேறுபாடு பூச்சு மட்டுமே. நோயாளிகள் குறைவாக இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு ஏற்ற வழி இதுதான் என்று அப்போதே தோன்றியிருந்தது.

இந்த ஜெல் என் கைக்கு எட்டவில்லை. நான் கேட்ட மருந்துக் கடைகளில் பெயரையே எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. கிடைத்திருந்தாலும் தொல்லை உண்டு. தோல் சிவந்து, எரிந்து, உரியும். அதனால் யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் ஜெல் என்று நோயாளியே ஊகித்துவிடலாம். டீட் கலந்த கொசுவிரட்டிப் பூச்சையும் சேர்த்துப் பூசக்கூடாது என்று அதன் குறிப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது. கூவத்துக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவில் வாழ்கிறவரிடம் காலில் கொசுமருந்து தடவாதே என்று சொல்வதை நினைத்துப் பாருங்கள்.

அடுத்து யோசித்தது டிமோலால். கண் அழுத்த நோய்க்கு 1978 முதல் உலகெங்கும் சொட்டாகப் போட்டுவரும் பழைய மருந்து. எந்தத் தெருமுனைக் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. இது தோலுக்கு வந்த கதை சுவாரசியமானது. 2008-இல் பிரான்ஸில் போர்டோ நகர மருத்துவர்கள், இதயக் கோளாறுக்காகப் புரோப்ரனலால் கொடுத்த குழந்தையின் ரத்தக்குழாய்க் கட்டி சுருங்குவதைத் தற்செயலாகக் கவனித்தார்கள். அதே குடும்பத்து மருந்தான டிமோலாலை மேலோட்டமான கட்டிகளின்மேல் சொட்டுவது பிறகு உலகெங்கும் வழக்கமாயிற்று. கபோசியும் ரத்தக்குழாய் உட்சுவரைச் சேர்ந்த செல்களின் நோய். டிமோலால் போட்டுத் திட்டு அடங்கியதாகச் சில நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் மருத்துவ இதழ்களில் வந்திருந்தன. படித்தால் நம்பிக்கை வரும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை, போட்டோம், போயிற்று என்ற அளவில் நின்றன. போடாமல் விட்டிருந்தால் போயிருக்குமா என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

ஆஸ்துமா இல்லை என்று உறுதிசெய்துகொண்டேன். தோல் வழியாகவும் இந்த மருந்து கொஞ்சம் ரத்தத்துக்குள் போகும். மூச்சிரைப்பு உள்ளவருக்கும் நாடித் துடிப்பு குறைவாக உள்ளவருக்கும் ஆகாது. இவர் நாடி 76, இசிஜி சரி. 0.5% சொட்டு மருந்து, இடது காலின் இரண்டு திட்டுகளுக்கும் காலை ஒரு சொட்டு, மாலை ஒரு சொட்டு. வலது காலைத் தொடவேண்டாம், கன்னத்தைத் தொடவேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

பதின்மூன்றாம் நாள்

5 மி.லி. குப்பி. கொடுப்பதற்கு முன் அதே வகைக் குப்பி ஒன்றை ஓபியில் உட்கார்ந்து சொட்டு எண்ணிப் பார்த்திருந்தோம்: 130. ஒரு நாளைக்கு நான்கு சொட்டு என்றால் ஒரு மாதத்துக்குமேல் வரவேண்டும். இரண்டாம் வாரம் அளவெடுக்க வந்தவர் காலிக் குப்பியை மேசைமேல் வைத்து, "முந்தாநேத்தே தீந்துபோச்சும்மா" என்றார்.

கணக்குப் போட்டால் ஒரு நாளைக்குப் பத்துச் சொட்டு. ஐந்து திட்டு, இரண்டு வேளை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மனைவியைப் பார்த்தார்.

"நான்தாம்மா போட்டேன்" என்றார் அந்த அம்மா, எந்தத் தயக்கமும் இல்லாமல். "அவரு கால நீட்டினு உக்காருவாரு, நான் சொட்டு விடுவேன். ஒரு காலுக்கு மட்டும் போட்டுட்டு இன்னொரு கால எப்டிம்மா உடறது? கொயந்தைங்க ரெண்டு இருந்து ஒண்ணுக்கு மட்டும் சோறு போட்டா மாரி இருக்குது. அப்புறம் கன்னம்! கல்யாணத்துல காலையா பாக்கப் போறாங்க?"

தவறு என்னுடையதுதான். ஐந்து திட்டுகளில் எது உங்களை உறுத்துகிறது என்று அவர்களிடம் நான் கேட்கவே இல்லை. அளப்பதற்கு வசதியான இடம் கால் என்று நானே முடிவு செய்திருந்தேன். அந்த இரண்டு வாரக் கணக்கைக் கிழித்துப் போட்டோம். நான்கு வாரம் எந்தச் சொட்டும் வேண்டாம் என்று இடைவெளி விட்டு, திட்டத்தையும் மாற்றினோம்.

கன்னத்துக்கு மருந்து, வெளிப்படையாகவே. அது சிகிச்சை, ஆய்வில் சேராது. கால்களுக்கு இரண்டு குப்பி. ஒன்றில் டிமோலால், இன்னொன்றில், கண் வறட்சிக்குப் போடும், இந்த நோய்க்கு எந்த வேலையும் செய்யாத கண்ணீர்ச் சொட்டு. லேபிளைப் பிரித்துவிட்டு வேறு குப்பிகளுக்கு மாற்றுவது மருந்தாளுநரின் வேலை. எந்தக் காலுக்கு எது என்று அவர் மட்டும் காசு சுண்டிப் பார்த்து, உறையில் எழுதி ஒட்டி வைப்பார். எனக்குத் தெரியாது, அளக்கும் மாணவிக்குத் தெரியாது, வீட்டிலும் தெரியாது. அந்த அம்மாவுக்கு இரண்டு காலுக்கும் சோறு போட்ட நிம்மதி.

காசு சுண்டுவதும் குப்பி மாற்றுவதும் வந்தபிறகு இதைச் சும்மா சிகிச்சை என்று சொல்லிக்கொள்ள முடியாது. நிறுவன நெறிமுறைக் குழுவுக்குக் கொண்டுபோனேன். ஒரே ஒரு நோயாளிதானே என்று அவர்கள் விட்டுவிடவில்லை. எச்.ஐ.வி. உள்ளவர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும் என்பது நியாயம்தான். நம் நாட்டுச் சட்டத்தில் இந்த விஷயத்தில் ஒரு நல்ல நுணுக்கம் இருக்கிறது. எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் புதிய மூலக்கூறு மருந்தைச் சோதிக்கும்போது சம்மதம் வாங்குவதை வீடியோவாகப் பதிவு செய்ய வேண்டும், எச்.ஐ.வி., தொழுநோய் மருந்துச் சோதனைகளில் மட்டும் குரல் பதிவு போதும், முகம் வேண்டாம். எங்கள் மருந்து பழையது, அந்த விதிக்குள் வராது. இருந்தாலும் அந்த மனநிலையைக் கடன் வாங்கிக்கொண்டோம். கோப்பில் கன்னத்தின் படம்கூட, கண்ணும் மூக்கும் வராமல் வெட்டியதுதான்.

சம்மதப் படிவத்தைத் தமிழில் நானே எழுதினேன். கலைச்சொல் அகராதியைப் பார்த்து "மருந்துப்போலி" என்று போட்டிருந்தேன். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டு வந்து அந்தச் சொல்லில் நின்றார்.

"போலி மருந்தா? அத்த வேற குடுப்பீங்களா?"

பேப்பரில் வாரம் ஒரு முறை போலி மருந்து பிடிபட்ட செய்தியைப் படிக்கிற மனிதர். அந்தச் சொல்லை அடித்துவிட்டு "மருந்து இல்லாத சொட்டு" என்று எழுதினேன். அதன்பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

குப்பிகளுக்கு 'அ', 'ஆ' என்று பெயரிடலாம் என்றார் மருந்தாளுநர். தையல்காரர் பையிலிருந்து நூல்கண்டை எடுத்தார். இடது கால் குப்பியின் கழுத்தில் சிவப்பு நூல், வலது கால் குப்பிக்கு நீல நூல், இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். அவர்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. இரண்டையும் தண்ணீர்ப் பானைக்கு அடியில் இருக்கும் ஈர மணலில் கழுத்துவரை புதைத்து வைத்தார்கள். கன்னத்துக்கான குப்பி சாமி அலமாரியில்.

டேப்பை இழுத்துப் பிடித்தால்

கபோசியை அளப்பது பார்ப்பதற்குச் சுலபம்போல் இருக்கும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளைத் திட்டின்மேல் வைத்து, மார்க்கரால் ஓரத்தை வரைந்துகொள்ள வேண்டும். நீளமான விட்டம், அதற்குக் குறுக்கான விட்டம், இரண்டையும் பெருக்கினால் கணக்குக்கு ஓர் எண் கிடைக்கும். ஓரம் எங்கே முடிகிறது என்பதில்தான் வம்பு. கருத்த தோலில் திட்டின் விளிம்பு மெல்ல மெல்ல மங்கிப் போகும். கட்டி எது, பழைய கறை எது என்று பிரிக்க முடியாது.

முதல் நாள் நானும் மாணவியும் தனித்தனியாக வரைந்ததை அவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தாளையும் வாங்கி ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மாதிரித் துணியை மடித்து அளவு பார்க்கிற அதே கை.

"ரெண்டு பேரு அளவு எடுத்தா ரவிக்கை நிக்காதும்மா. ஒருத்தர் டேப்ப இயுத்துப் புடிப்பாங்க, ஒருத்தர் தொளதொளன்னு உடுவாங்க. ஒரே கை எடுக்கணும். அதுவும் சாப்டதுக்கு அப்புறம் ஒரு அளவு, முன்னாடி ஒரு அளவு வரும், தெரியுமா?"

தெரிந்திருக்க வேண்டும். காலில் இருக்கும் கபோசி நின்றுகொண்டே இருந்தால் கொஞ்சம் உப்பும்; படுத்து எழுந்தால் தாழும். அவர் நாளெல்லாம் மெஷின் மிதிக்கிறவர். அன்றிலிருந்து அளவு எப்போதும் காலையில், பதினைந்து நிமிடம் காலை மேலே தூக்கி வைத்துப் படுத்தபிறகு, மாணவியின் கையால் மட்டும். அதோடு நிற்காமல், ஒரே திட்டை ஒரே நாளில் மூன்று முறை வரையச் சொல்லிப் பார்த்தேன். ஒரே கைக்கே சுமார் 15% வரை முன்னே பின்னே வந்தது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பன்னிரண்டு வாரம் ஓடியது. நாடி 70-க்குக் கீழே போகவில்லை. எரிச்சல் எந்தக் காலிலும் இல்லை. இரண்டு முறை மழைத் தண்ணீர் தெருவுக்குள் வந்ததால் வரவு தள்ளிப்போனது. குப்பிகள் இந்த முறை கணக்குப்படியே தீர்ந்தன.

உறையைப் பிரித்தோம்

அளவுகளைக் கோப்பில் எழுதி முடித்த பிறகுதான் உறையைப் பிரித்தோம். சிவப்பு நூல் கட்டிய குப்பி, அதாவது இடது கால், டிமோலால்.

இடது காலின் அகலமான திட்டு ஆரம்பத்தில் 15-க்கு 10 மி.மீ., அதாவது 150. முடிவில் 9-க்கு 7, 63. குறைவு 58%. மாணவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அதே காலின் சின்ன உருண்டைக் கட்டி 8-க்கு 7 ஆக இருந்தது; 8-க்கு 7 ஆகவே இருந்தது. வலது காலின் அகலத் திட்டு, கண்ணீர்ச் சொட்டு மட்டுமே விழுந்தது, 14-க்கு 10-இலிருந்து 12-க்கு 9-க்கு வந்திருந்தது. குறைவு 23%. வலது காலின் உருண்டை அசையவில்லை.

58-ஐயும் 23-ஐயும் பக்கத்தில் வைத்தால் மருந்து ஜெயித்ததுபோல் இருக்கும். நான் மாணவியை உட்காரவைத்து மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொன்னேன். மருந்து போடாத காலே கிட்டத்தட்ட கால்வாசி குறைந்திருக்கிறது, அதில் பெரும்பகுதி எங்கள் கைப்பிழைக்குள் அடங்கிவிடும். கபோசி சோதனைகளில் பல்லாண்டாகப் பின்பற்றும் அளவுகோலோ, ஒரு திட்டை மட்டும் பார்க்க விடாது. குறியிட்ட திட்டுகளின் பெருக்கல் தொகை பாதியாக வேண்டும். இடது காலின் தொகை 206-இலிருந்து 119-க்கு வந்திருக்கிறது, 42%. பாதி இல்லை. இன்னொரு வழி, புடைத்தவற்றில் பாதியாவது முழுக்கத் தட்டையாக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் அந்தத் திட்டின் ஓரம் இன்னும் தட்டுப்பட்டது. அந்தக் கணக்கிலும் தேறவில்லை.

"அப்ப மருந்து வேல செய்யலையா மேடம்?"

மெல்லிய திட்டில் ஏதோ செய்திருக்கிறது, தடித்த உருண்டையில் செய்யவில்லை என்று சொல்ல நாக்கு துடிக்கத்தான் செய்தது. மேலே சொட்டிய மருந்து ஆழத்துக்கு இறங்காது என்பது பொருத்தமான விளக்கமாகவும் இருக்கிறது. ஆனால் வகைக்கு ஒன்றாக இரண்டு திட்டுகளை வைத்துக்கொண்டு விளக்கம் சொல்வது, ஒரு வீட்டு ஜாதகத்தை வைத்து ஊருக்கே பலன் சொல்வது மாதிரி.

கன்னம் வேறு கதை. புடைப்பு முழுக்க அடங்கிவிட்டது, பழுப்புக் கறை மட்டும் மிச்சம். அது இரும்புக் கறையா, உள்ளே இன்னும் நோய் ஒட்டியிருக்கிறதா என்று பயாப்ஸி எடுத்தால்தான் தெரியும். கல்யாணத்துக்கு முன் கன்னத்தில் பஞ்ச் வைக்க யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தக் கன்னத்துக்கு ஒப்பிட்டுப் பார்க்க மறுகன்னம் கிடையாது. ஆகவே அதைப் பற்றி என்னால் எதுவும் நிரூபிக்க முடியாது. அந்த அம்மாவுக்கு நிரூபணம் தேவைப்படவும் இல்லை. "போச்சு பாத்தீங்களா? சாமி அலமாரில வச்சது" என்றார்.

வலது கால்

உறை பிரித்த அன்றே அவர் கேட்டார், "இனிமே வலது காலுக்கும் சிவப்பு நூலு மருந்தே போட்டுக்கலாமாம்மா?" போடச் சொன்னேன். மறைப்பதற்கு இனி எதுவும் இல்லை. இது மருந்து என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அளக்கிறவருக்கும் தெரியும். இன்னும் பன்னிரண்டு வாரம், அதே கை, அதே காலை நேரம், அதே பதினைந்து நிமிடப் படுக்கை.

இடையில் கல்யாணம் நடந்தது. அழைப்பிதழில் மஞ்சள் தடவி எங்கள் மூவருக்கும் தனித்தனியாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள்; மருந்தாளுநருக்கு முதலில். நாங்கள் போகவில்லை. போனால், இந்த டாக்டர் யார், எந்த ஆஸ்பத்திரி என்று யாராவது கேட்பார்கள், அதற்கு அவர் ஒரு பொய் சொல்ல வேண்டிவரும். பிறகு போனில் படம் காட்டினார். பட்டுச் சட்டை, கழுத்தில் மாலை, பவுடர் இல்லாத கன்னம்.

கடைசி அளவு நாளில் மாணவி வலது காலின் அகலத் திட்டை வரைந்து விட்டத்தைக் குறித்தார். பன்னிரண்டு வார மருந்துக்குப் பிறகு 12-க்கு 9 ஆக இருந்தது 10-க்கு 8 ஆகியிருந்தது. 108-இலிருந்து 80. குறைவு 26%. கண்ணீர்ச் சொட்டு மட்டும் விட்ட முதல் பன்னிரண்டு வாரத்தில் அதே திட்டு குறைந்தது 23%.

மாணவி இரண்டு எண்களையும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். தையல்காரர் இரண்டு பிளாஸ்டிக் தாள்களையும் கேட்டு வாங்கி, பழையதன்மேல் புதியதை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஒரு நூலு கொறஞ்சிருக்குது" என்றார். கைகால் கழுவிக்கொண்டு வந்து சாக்ஸ் இல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு, அடுத்த மாத மாத்திரைக்கு ஏஆர்டி மையத்து வரிசையில் நிற்கப் போனார். தாள்கள் இரண்டையும் கோப்பில் வைத்து, "டிமோலால் வலது காலில்: வேறுபாடு இல்லை" என்று எழுதினேன்.